வயிற்றுவலி என்று எழுதினோம்

தமிழ்ச் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நம் ஊர் நோய்களை ஆராய்ந்தால், இங்கே ஆளைக் கொல்கிற முதல் வியாதி வயிற்றுவலி என்று முடிவுகட்டிவிடுவார். ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை. இதனால் மனமுடைந்த அவர்…’ மீதியைப் படிக்கவே வேண்டாம். பெயர், வயது, ஊர், கணவர் பெயர் மட்டும் மாறும். தலைமுறை தலைமுறையாக ஒரே அச்சு.

நானும் பத்திரிகைக்காரன்தான். அதனால் ‘அவர்கள்’ என்று எழுத எனக்கு வழியில்லை. ‘நாங்கள்’ என்றே எழுதுகிறேன்.

அது வயிற்றுவலி இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. செய்தி அனுப்பிய தாலுகா நிருபருக்குத் தெரியும். அவருக்கு விவரம் சொன்ன ஏட்டையாவுக்குத் தெரியும். டெஸ்க்கில் அதை நாலு வரியாக வெட்டிய உதவி ஆசிரியருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் அது எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குப் புரியும். இறந்தவர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தேக மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவில் வழக்குப் பதிவாகும் (புதிய சட்டத்தில் இப்போது 194). கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை வேறு. பிரேதப் பரிசோதனை முடித்து உடலை வாங்க வேண்டும், இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும், சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்லப்படும் காரணம் யாரையும் மாட்டிவிடக் கூடாது. மாமியாரையும் கூடாது, கடன் கொடுத்தவரையும் கூடாது. வீட்டில் இன்னும் கல்யாணமாகாமல் இருக்கிற தங்கையை அது நிச்சயம் தொடக் கூடாது. “வயித்து வலிங்கய்யா, ரொம்ப நாளாவே” என்பார் பெரியவர். ரைட்டர் எழுதிக்கொள்வார். சாயங்காலம் நிருபர் போன் போடுவார். காலையில் அச்சாகி வந்துவிடும்.

அந்தப் பெரியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது?

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அந்த வருடத்து அகில இந்தியக் காரணப் பட்டியலில் ‘குடும்பப் பிரச்சினை’, ‘நோய்’ என்ற இரண்டும் சேர்ந்து பாதியை எடுத்துக்கொள்கின்றன. ரைட்டர்கள் எழுதியதுதான் ஊர் ஊராகக் கூட்டிக் கூட்டி டெல்லிக்குப் போய் அந்தப் பட்டியலாகிறது. அதை வைத்துக்கொண்டு மனச்சோர்வை எடைபோட முடியாது. தற்கொலைகள் எல்லாமே மனச்சோர்வால் நடப்பவையும் அல்ல. மனச்சோர்வு வந்தவர்களில் பெரும்பாலோர் சாவதில்லை. காலையில் எழுந்து, குளித்து, பஸ் ஏறி, வேலைக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் நடமாடுகிறார்கள். நாங்கள் அதிகம் தவறவிட்டது அவர்களைத்தான்.

2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதில் தெரியவந்தது. உடனே மருத்துவர் பற்றாக்குறை என்று தலையங்கம் எழுதினோம். பற்றாக்குறை உண்மைதான், இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் இருப்பதைப் பற்றி அந்தத் தலையங்கங்களில் ஒரு வரிகூட வரவில்லை. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அது இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு, மருத்துவரைப் பார்த்து, மாத்திரையைக் காசில்லாமல் வாங்கிக்கொண்டு வரலாம். திறந்திருக்கிற அந்த அறைக்குள்ளும் ஜனங்கள் போகாமல் நிற்கிறார்கள் என்றால், அவர்களை வாசலிலேயே நிறுத்தியதில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் சிரிப்பு. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ஒரு ஊரின் பெயரையே வசவாக்கி, அதைச் சொன்னதும் தியேட்டர் சிரிக்கும்படி செய்தது சினிமா என்று அதன் தலையில் கட்டிவிடுவது எங்களுக்கு வசதி. வார இதழ்களின் ஜோக்குப் பக்கத்தை மறந்துவிடுகிறோம். மனநல மருத்துவர் ஜோக் இல்லாமல் ஒரு தீபாவளி மலர் வந்திருக்குமா? அந்த ஜோக்குகளில் டாக்டரே நோயாளியைவிடக் கிறுக்காக இருப்பார். படத்தில் சுவரோடு சங்கிலி, தலைவிரி கோலம். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961இலிருந்து 1978 வரை அதே கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கினார். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் அவர் மறைந்தபோது உருக்கமாக அஞ்சலி எழுதினோம். அவர் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அந்த இடத்தை வைத்துச் சிரிப்பு விற்றுக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் முகம் தெரிந்த ஒரு மனநல மருத்துவர் இருந்தார் என்றால் அவர் மாத்ருபூதம். அவரை ஊருக்குக் காட்டியது ‘புதிரா புனிதமா’, அதாவது பாலியல் சந்தேகங்களுக்கான டி.வி. நிகழ்ச்சி. அதில் தப்பில்லை, நல்ல காரியம்தான். ஆனால் கட்டில் சந்தேகத்தை டி.வி.யில் கேட்கத் துணிந்த ஊர், ‘எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை’ என்று அதே மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டது என்பதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது பயம். 1999 டிசம்பரில் ‘சேது’ படம் வந்தது. மொட்டைத் தலையும் சங்கிலியுமாக விக்ரமைப் பார்த்து ஊரே அழுதது. இரண்டு வருடம் ஆவதற்குள், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் நல்ல செய்திகள் எழுதினோம். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் அதோடு எங்கள் மனநலச் செய்தி நின்றுபோனது. சங்கிலி, தர்கா, மந்திரிப்பு, புகைப்படம். வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு நினைவுக் கட்டுரை. வங்கியில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவர் அந்தப் படத்தைப் பார்த்து, ‘மனநோய் என்றால் இது, நமக்கு வந்திருப்பது இது இல்லை’ என்று தீர்மானித்துக்கொண்டார். எங்கள் அக்கறையே அவரை டாக்டரிடமிருந்து தள்ளிவைத்தது.

‘மனநோயாளி வெறிச்செயல்’ என்ற தலைப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. எல்லோரும் போட்டிருக்கிறோம்.

இதையெல்லாம்விட ஒரு படி மோசமான காரியத்தை நல்லெண்ணத்தோடு செய்தோம். அதுதான் தன்னம்பிக்கைத் தொடர். எண்பதுகளிலிருந்தே அது எங்களுக்குச் சோறு போடுகிற சரக்கு. ஒற்றைக் காலோடு மலையேறியவர் கதை, தெருவிளக்கில் படித்து கலெக்டர் ஆனவர் கதை, ‘முடியாது என்று எதுவும் இல்லை’ என்று முடிகிற கடைசிப் பத்தி. சோம்பல் வந்தவனுக்கு இது நல்ல டானிக்காகவே இருக்கலாம். பல் தேய்க்கப் போவதற்கே தன்னோடு அரை மணி நேரம் சண்டை போடுகிற ஒருத்திக்கு? ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று நாள் முழுக்க ஓதுவதுதான் அந்த வியாதியின் வேலையே. அதற்குச் சாட்சி சொல்ல வாராவாரம் ஆள் அனுப்பிவைத்தோம்.

கேள்வி–பதில் பகுதியில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இப்படித்தான் கடிதம் வரும்: எனக்கு ஒரு குறையும் இல்லை, கணவர் நல்லவர், விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் பிடிப்பதில்லை, சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கிறது, டி.வி. சீரியல்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை, கைக்குழந்தை அழுதால் தூக்கத் தோன்றவில்லை, குழம்பு கொதிக்கும்போது நின்று அழுகிறேன், நான் கெட்ட அம்மாவா? எம்.பி.பி.எஸ். மாணவனிடம் கொடுத்தால்கூட இது என்னவென்று சொல்லிவிடுவான். அறிகுறிகளை ஒன்று விடாமல் அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறார், அதிலும் பிரசவத்துக்குப் பிறகு வருவதை. நாங்கள் போட்ட பதில்: ‘சகோதரி, உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். தையல், தோட்டம் என்று மனதைத் திருப்புங்கள். மாலையில் கணவரோடு கோயிலுக்குப் போய் வாருங்கள்.’ பக்கத்தில் ஓவியரின் படம், கன்னத்தில் கைவைத்த பெண். எத்தனை அம்மாக்கள் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, அடுத்த கடிதத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள்.

அதே இதழைக் கொஞ்சம் பின்னால் புரட்டினால் வரிவிளம்பரங்கள். செய்வினை, ஏவல், பில்லி சூனியம், கணவன் மனைவி பிரச்சினைக்கு உடனடித் தீர்வு, போன் நம்பர். ‘நரம்புத் தளர்ச்சியா?’ என்று கேட்கிற லாட்ஜ் வைத்தியரின் முகாம் தேதிகள், ஊர்வாரியாக. மனச்சோர்வு வந்தால் ஆசை குறையும், கை கால் அசதியாக இருக்கும், பேச்சு நடையெல்லாம் மந்தமாகும். இளம் பையன்கள் இதைத்தான் நரம்புத் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு லாட்ஜ் படியேறினார்கள். எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்று முகவரி கொடுத்தது எங்கள் விளம்பரப் பக்கம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறை என்று ஒரு தடவையாவது போட்டோமா? ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் பட்டிமன்றத்துக்கு இருந்த இடம் அதற்கு இல்லை.

இன்னொன்று சிக்கலானது. அதைச் சுருக்கமாகச் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டா காய்ந்தது. விவசாயிகள் செத்தார்கள். அரசுத் தரப்பு வறட்சியைக் காரணமாக ஒப்புக்கொள்ளாமல், முதுமை, உடல்நலக் குறைவு, சொந்தக் காரணம் என்றது. நாங்கள் அதை எதிர்த்து எழுதினோம். சரியாகத்தான் எழுதினோம். ஆனால் அந்த வாதத்தின் வேகத்தில் ‘மனசு’ என்று யார் வாயைத் திறந்தாலும் அவர் அரசாங்கத்தின் ஆள் ஆகிவிட்டார். கடன் ஒரு பக்கம், மனச்சோர்வு மறு பக்கம், இரண்டில் ஒன்றைத்தான் நீ சொல்ல முடியும் என்று கோடு கிழித்துவிட்டோம். நாற்று கருகி, நகை அடகில் மூழ்கி, சொசைட்டி நோட்டீஸ் வந்து நிற்கிற ஆளுக்கு வருவதும் மனச்சோர்வுதான். அது கடனால் வந்தது என்பதாலேயே வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. கடன் தள்ளுபடி வரும் வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். ‘பணக்கார வியாதி’, ‘வேலை வெட்டி இல்லாதவங்களுக்கு வர்றது’ என்ற பேச்சுக்கு எதிரான வலுவான சாட்சி டெல்டாவிலேயே இருந்தது. அதை நாங்கள் கூண்டில் ஏற்றவில்லை. 2022இன் தேசியக் கணக்கில் தற்கொலை செய்துகொண்டவர்களில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியோடு முடித்துக்கொண்டோம்.

சர்க்கரை வியாதியை வைத்துப் பார்த்தால் எங்கள் அலட்சியத்தின் அளவு தெரியும். இன்று டீக்கடையில் நிற்கிற எவரும் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று பேசுவார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் தமிழ்ப் பத்திரிகைகள்தான். இணைப்பிதழ் இணைப்பிதழாகப் போட்டோம். மனச்சோர்வு மாத்திரையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தூக்க மாத்திரை, போட்டால் பழகிவிடும், மூளை மழுங்கிவிடும், வாழ்நாள் முழுக்க விட முடியாது. மருத்துவர்கள் சொல்வதோ சின்ன விஷயம். இது தூக்க மாத்திரை அல்ல, போதைபோல் பழகுகிற ரகமும் அல்ல. வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். குமட்டல், வாய் உலர்வது போன்ற தொந்தரவுகள் மட்டும் முதல் வாரமே வந்துவிடும். அதனால்தான் பாதிப் பேர் ‘சாப்பிட்டுப் பார்த்தேன், ஒண்ணும் கேட்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். விடும்போது டாக்டரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். லேசான நிலை என்றால் மாத்திரையே இல்லாமல் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு ஒரே பத்திதான் ஆகியிருக்கிறது.

தெரிந்த வீடு ஒன்றில் மருமகள் தன் மாத்திரையைத் தைராய்டு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். தைராய்டு கௌரவமான வியாதி, மாமியாருக்கும் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு வரலாம் என்பதால் மருத்துவர்கள் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்வதுண்டு. ரிப்போர்ட்டில் ஏதாவது கூடக் குறைய இருக்காதா என்று அந்த வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தபோது யாருக்கும் சந்தோஷமில்லை. அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயர் இருக்கும் பகுதியைக் கத்தரித்துவிட்டுத்தான் டப்பாவில் போடுகிறார். பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் டாக்டரைப் பார்க்கிறார், சொந்த ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று. அவர் தேறிவருகிறார். அவருக்குத் தெரிந்த வட்டத்தில் இன்னும் எத்தனை பேர் இப்படி டப்பா மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

இப்போது திருந்திவிட்டோமா? 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இல்லை. 2019இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் தற்கொலைச் செய்திகளுக்கு நெறிமுறை கொடுத்தது: முகப்பில் பெரிதாகப் போடாதே, முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்பாகத் தலைப்பு வைக்காதே. 2022 அக்டோபர் 10இல் 14416 என்ற மனநல உதவி எண் நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பங்குக்கு நாங்கள் செய்தது, செய்தியின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, ‘தற்கொலை எதற்கும் தீர்வல்ல’ என்று எண்களைக் கொடுப்பது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு மேலே மாணவியின் பள்ளிக்கூடப் புகைப்படம் இருக்கிறது, கடிதத்தின் நகல் இருக்கிறது, அம்மா கதறுகிற படம் இருக்கிறது. சிகரெட் அட்டையில் எச்சரிக்கை போடுகிற கம்பெனி மாதிரி, எண்ணைப் போட்டாயிற்று, கடமை முடிந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டால் யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள், பெயர் சொல்ல வேண்டுமா, போலீசுக்குத் தகவல் போகுமா என்று ஒரு நிருபர் போய் உட்கார்ந்து பார்த்து எழுதியிருந்தால், அந்தப் பெட்டியைவிட நாலு பேர் கூடுதலாகப் போன் போட்டிருப்பார்கள்.

பெரும்பாலான அலுவலகங்களில் தற்கொலைச் செய்தி இன்னமும் கிரைம் நிருபரிடமிருந்துதான் வருகிறது. அவருடைய சோர்ஸ் காவல் நிலையம். மருத்துவ நிருபர் அந்தப் பக்கம் போவதில்லை. அவர் தனியார் ஆஸ்பத்திரி பிரஸ் மீட்டில் இருப்பார். ஆசிரியர் குழுக் கூட்டத்தில் மனநலத்துக்கு வாராந்திரப் பக்கம் கேட்டால், முதல் கேள்வி ஸ்பான்சர் யார் என்பதுதான்.

எங்கள் சொந்த அலுவலகங்களுக்குள்ளேயே நிலைமை என்ன? நைட் ஷிஃப்ட், பாதியாகக் குறைந்த ஆட்கள், மாதாமாதம் ஆட்குறைப்பு வதந்தி, வெப்சைட்டுக்கு இத்தனை ஸ்டோரி என்ற டார்கெட். இதில் நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ப்ரூஃபில் பிழை விட ஆரம்பித்தால், ‘ஆளுக்கு இப்பல்லாம் வேலையில கவனமில்ல’ என்று அப்ரைசலில் எழுதுகிறோம். அவர் லீவு கேட்டால் வைரல் காய்ச்சல் என்றுதான் கேட்பார். நீண்ட லீவு வேண்டுமென்றால் எச்.ஆர். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கேட்கும். தான் பார்க்கிற மனநல மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் அதை வாங்கிக்கொண்டு வந்தால் அடுத்த பட்டியலில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்து, தெரு முனை எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் இருநூறு ரூபாய் கொடுத்து டைஃபாய்டு என்று எழுதி வாங்குகிறார். அந்தச் சான்றிதழ் பொய் என்று எச்.ஆருக்குத் தெரியும், எடிட்டருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஃபைல் பண்ணிக்கொள்கிறார்கள்.